சின்னப்பன் கதவில் மூன்று கேரியர்

சின்னப்பன் வீட்டுக் கதவோரக் கொக்கியில் மூன்று டிபன் கேரியர்கள் தொங்கின. ஒன்று நேற்று மதியச் சாப்பாடு. ஒன்று நேற்று ராத்திரிச் சப்பாத்தி. மூன்றாவது இன்று காலை இட்லி. மூன்றையும் யாரும் தொடவே இல்லை. காலை நடைக்காகத் தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்த நான் அங்கேயே நின்றுவிட்டேன். இருபத்து மூன்று வருடம் ஆர்டிசி பஸ்ஸில் கண்டக்டர் வேலை பார்த்தவள் நான். ஓர் ஆள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லையென்றால் எனக்கு வயிறு சொல்லிவிடும்.

தட்டினேன். மணி அடித்தேன். "சின்னப்பண்ணா! அண்ணா!" என்று கத்தினேன். உள்ளே பஜனைப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் மாற்றுச் சாவி தேடிக் கொண்டுவந்து திறக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. டிவிக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தபடியே சின்னப்பன் செத்துப்போயிருந்தார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, நேற்று மதியத்துக்கு முன்பே உயிர் போயிருக்கும் என்றார்.

செத்தவருக்குப் படையல் போடுவது நம் வழக்கம்தான். செத்தது தெரியாமலே மூன்று வேளை படையல் போட்டதை இங்கேதான் பார்த்தேன்.

கேரியர் மாட்டுகிற பிரியங்காவைக் கூப்பிட்டேன். வடமாலபேட்டைப் பெண், ஒரு குழந்தைக்குத் தாய், கெட்டவள் கிடையாது.

"ஏம்மா, நேத்து மத்யானம் மாட்டுனது அப்பிடியே தொங்கிக்கினு கீது. அது பக்கத்துலயே ராத்திரி ஒண்ணு மாட்டுன. காலையில வந்து இன்னொண்ணு மாட்டுன. கதவத் தட்டணும்னு உனக்குத் தோணவே இல்லியா?"

"தட்டக்கூடாதுன்னு ரூல்ஸும்மா. மணி அடிச்சா மேனேஜர் சாரு திட்டுவாரு. மாட்டிட்டுப் போய்க்கினே இருக்கணும், யாருகிட்டயும் நின்னு பேசக்கூடாதுன்னு சொல்லிக்கீறாரு." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவளைத் திட்டி என்ன புண்ணியம்?

பிணத்தை ஒரு மணி நேரத்துக்குள் சமையல்கட்டுப் பக்கத்துப் பின்வாசல் வழியாக ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள். நான் குறுக்கே போய் நின்றேன். மேனேஜர் தாமோதரன் கையைக் கூப்பிக்கொண்டே வந்தார். குரல் தேன். "அம்மா, சூடண்டி, மிச்ச ரெசிடெண்ட்ஸ் பாத்தா பயந்துக்குவாங்க. அந்தா மீ பாகு கோசமே." எல்லாம் எங்கள் நல்லதுக்காம். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம்.

எங்கள் குடியிருப்பின் பெயர் நெம்மதி சீனியர் ஹோம்ஸ். வடமாலபேட்டை தாண்டி, திருப்பதியிலிருந்து சென்னை போகும் ரோட்டில் இருக்கிறது. மொட்டை மாடிக்குப் போனால் திருமலை தெரியும். அதைச் சொல்லித்தான் விற்றார்கள். வாங்கினவர்கள் எங்கள் பிள்ளைகள். பெங்களூரு, ஹைதராபாத், டல்லாஸ், குவைத் என்று ஆளுக்கொரு திசையில் இருந்துகொண்டு வாங்கினார்கள். வாழ்கிறவர்கள் நாங்கள். சின்னப்பனோடு சேர்த்து நாற்பத்தெட்டு பேர்.

நான் 2019இல் ரிட்டையர் ஆன கையோடு இங்கே வந்தேன். அப்போது கீழ்த்தளத்தில் பெரிய சாப்பாட்டு ஹால் இருந்தது. மூன்று வேளையும் எல்லோரும் அங்கே இறங்கி வந்துதான் சாப்பிட வேண்டும். வந்த முதல் வாரம் என் டேபிளுக்கு எதிரில் ஒருவர் தட்டோடு வந்து நின்றார். "அம்மா, டிக்கெட் எட்த்துட்டேன், குந்தலாமா?" என்றார். சித்தூர் பஸ்ஸில் என்னிடம் பல தடவை டிக்கெட் வாங்கியிருக்கிறாராம். அவர்தான் சின்னப்பன், ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற கேங்மேனாக இருந்தவர். சத்தியவேடு பக்கம் எந்தக் கிராமம், எந்தத் தெரு என்று அவர் சொன்னதுமே எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் வயலில் அந்தத் தெரு ஆட்கள்தான் நாற்று நட்டார்கள். அவர்களுக்கு எங்கள் வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர். அன்றைக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? என் தட்டை அரை அடி இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவர் அதைப் பார்த்தார். ஊறுகாய் பாட்டிலை என் பக்கம் தள்ளிவைத்தார். இதை இப்போது எழுதும்போதும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

ஒரு மாதத்தில் அந்த டேபிள் எங்கள் டேபிள் ஆகிவிட்டது. நான், சின்னப்பன், காது கொஞ்சம் மந்தமான நகரி ரத்னம்மா. காலையில் சாப்பிட்டு முடித்த பிறகும் பதினொரு மணிவரை எழுந்திருக்க மாட்டோம். குவைத்தில் நர்ஸாக இருக்கும் மகள் வெங்கடலட்சுமியைப் பற்றிச் சின்னப்பன் பேசுவார். ரத்னம்மா தன் நான்கு மருமகள்களையும் ஒவ்வொருவராகக் கிழிப்பாள். ஊரில் இருந்திருந்தால் சாகிறவரை ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்க மாட்டோம். அந்த ஹால்தான் உட்கார வைத்தது.

அடுத்த வருடம் கொரோனா வந்தது. ஹாலைப் பூட்டினார்கள், சரி. சாப்பாடு கதவுக்கு வந்தது, சரி. கொரோனா போய்ச் சேர்ந்தது. கொக்கி போகவில்லை. சாப்பாட்டு ஹாலில் மேஜை நாற்காலிகளைப் பின்பக்கம் அடுக்கிப் பிளாஸ்டிக் போட்டு மூடிவிட்டு, முன்பக்கம் எக்ஸ்பீரியன்ஸ் சென்டர் என்று ஒன்று வைத்தார்கள். புதிதாக ஃபிளாட் வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக. அதில் யாரும் படுக்காத கட்டில், யாரும் தின்ன முடியாத பிளாஸ்டிக் ஆப்பிள். நாங்கள் உள்ளே போகக் கூடாது. போனால் சோபா அழுக்காகிவிடும்.

எங்களில் சிலருக்கு அந்தக் கொக்கி பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். யார் பக்கத்தில் உட்கார்வது, யார் தொட்ட கரண்டியைத் தொடுவது என்ற கவலை விட்டதாம். மேல்மாடி ரங்கையா என்னிடமே அப்படிச் சொன்னார். தெலுங்குக்காரர், சித்தூர் மார்க்கெட் யார்டில் சூப்பர்வைசராக இருந்தவர். "பரவாலேதம்மா, எவரி இண்ட்லோ வாள்ளு. அவங்கவங்க வீட்ல அவங்கவங்க. நிம்மதி." அப்படித் தனித்தனியாக நிம்மதியாய் இருந்ததில்தான் ஒரு மனிதர் செத்து இருபது மணி நேரம் யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலையிலேயே தாமோதரன் ரூமுக்குப் போனேன்.

"சாப்பாட்டு ஹாலைத் தொறங்க சார். எல்லாரும் கீழ வந்து துன்னா, ஒரு நாற்காலி காலியா இருந்தா அந்த வேளையே தெரிஞ்சிடும். சின்னப்பன் பொழச்சிருப்பார்னு சொல்லல. முந்தாநாளே தெரிஞ்சிருக்கும். இப்பிடி டிவி பாட்டு கேட்டுக்கினு குந்திக்கினு இருந்திருக்க மாட்டாரு."

"அம்மா, எண்டர்டெயின்மெண்டுக்கு நாங்க என்ன குறை வெச்சோம்? ரூம் ரூமுக்கு ஸ்பீக்கர், டிவியில நம்ம சொந்த பக்தி சேனல்."

"நான் பாட்டு கேக்க வரல சார். ஆளுங்களக் கேக்க வந்தேன்."

"முன்ன ஹால் இருந்தப்ப அங்க சீட்டு ஆடினாங்க. ஏடுகொண்டலவாடு எதுருகா கனிபிஸ்துன்னாடு, அங்க பேக்காட்டயா?" ஏழுமலையான் எதிரில் தெரியும்போது சீட்டாட்டமா என்று கேட்கிறார். வாங்க வருகிறவர்களிடம் விற்பதற்கும் ஏழுமலையான்தான், எங்கள் வாயை அடைப்பதற்கும் ஏழுமலையான்தான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான்.

கடைசியில் அவர் ஒரு வழி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஓனர்ஸ் மீட்டிங் இருக்கிறதாம். 'முதியவர்களுக்குக் கூடுதல் பொழுதுபோக்கு வசதியும் கூடும் இடமும் தேவையா?' என்று அதில் ஏற்கெனவே ஒரு பேச்சு இருக்கிறதாம். ஓனர்கள் ஓட்டுப் போட்டால் திறந்துவிடலாமாம்.

"எனக்கு ஓட்டு உண்டா?"

"மீரு ரெசிடெண்ட் அம்மா. ஓனர் உங்க பையன்."

என் மகன் தமிழரசு பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குப் போன் செய்வான். ஒரு நாள் தவறியதில்லை. கேட்பது ஒரே கேள்வி. "துன்னியாம்மா?" நான், "துன்னேன்டா" என்பேன். வைத்துவிடுவான். அன்றைக்கு வைக்க விடவில்லை. சின்னப்பன் செத்ததைச் சொன்னேன், ஹாலைச் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை என் பேச்சை நீ பேச வேண்டும் என்றேன். "சரிம்மா, சரிம்மா, பேசறேன்" என்றான். பின்னால் யாரோ அவனை இங்கிலீஷில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மீட்டிங்கை எக்ஸ்பீரியன்ஸ் சென்டரில்தான் வைத்தார்கள். பெரிய டிவியில் பிள்ளைகள் கட்டம் கட்டமாகத் தெரிவார்களாம், விருப்பமுள்ள பெரியவர்கள் வந்து பார்க்கலாமாம். பேசக் கூடாது. நான் சனிக்கிழமை முழுக்க ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். ஒருத்தர் விடாமல் வர வேண்டும், சக்கர நாற்காலியில் இருப்பவர்களைப் பிரியங்கா தள்ளிக்கொண்டு வருவாள், நாம் எத்தனை பேர் என்று பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும் என்றேன். எல்லோரும் வருகிறேன் என்றார்கள். ரங்கையா மட்டும் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார். ரத்னம்மா, "எனக்கு முன்னாடி வரிசையில ஒரு சீட்டு போட்டு வைடி காஞ்சனா, பின்னாடி குந்துனா ஒண்ணும் கேக்காது" என்றாள். முதல் வரிசையில் நடு நாற்காலியில் என் துண்டைப் போட்டுவைத்தேன். பஸ்ஸில் அப்படித் துண்டு போடுகிறவர்களை நான் திட்டாத நாளில்லை.

ஞாயிறு காலை பத்தரைக்கு மீட்டிங் ஆரம்பமாயிற்று. பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்தான், அதைச் சொல்லியாக வேண்டும். எல்லோருக்கும் எங்கள் மேல் அக்கறை பொங்கி வழிந்தது. ஒருத்தர் மினி தியேட்டர் கட்டலாம் என்றார். ஹர்ஷினி என்று யாருடைய பேத்தியோ, தோட்டத்தில் பூவால் ஒரு வளைவு வைத்தால் தாத்தா பாட்டிகள் செல்ஃபி எடுத்துக்கொள்ளலாம் என்றாள். ரங்கையாவின் மகன் ஜெயபிரகாஷ் டல்லாஸிலிருந்து பேசினான். "எங்க நைனா தனிமையை விரும்பறவர். கூட்டம்னாலே அவருக்கு ஆகாது." ரங்கையா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். மார்க்கெட் யார்டில் ஆயிரம் பேர் நடுவில் ஏலம் கூவிய மனிதர். வாயைத் திறந்தால் மூடுவதற்கு ஆள் வேண்டும். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. "நேனா? நானா தனிமை?" என்று மெதுவாக என்னிடம் கேட்டார்.

அப்புறம் தமிழரசு வந்தான். நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"எங்கம்மா இருபத்து மூணு வருஷம் பஸ்ல நின்னுக்கினே வேலை செஞ்சவங்க. கூட்டத்துல நசுங்கினவங்க. இனிமேலாவது அவங்க ரூம்ல, அவங்க கட்டில்ல, அமைதியா இருக்கட்டும்னுதான் நான் இந்த எடத்தை வாங்குனேன். ஹால் திறந்தா சத்தம், சண்டை, தொத்து வியாதி. கதவுக்கே சாப்பாடு வர்றது எவ்ளோ வசதி! அதை மாத்த வேணாம்னு நெனைக்கிறேன்."

உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நான் சொன்னதில் ஒரு எழுத்தையாவது இவன் காதில் வாங்கினானா? இவனைப் பத்து வயதில் வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போனவள் நான். எனக்கு எது அலுப்பு, எது சுகம் என்று இவன் முடிவு கட்டுகிறான். அதுவும் எவ்வளவு பாசத்தோடு! திட்டக்கூட இடம் வைக்காத பாசம். எழுந்து டிவிக்கு முன்னால் போய், "டேய், நான் எப்படா கேட்டேன் அமைதி?" என்று கத்தினேன். அவன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தான். எங்கள் பக்கத்து மைக்கைத் தாமோதரன் அணைத்து வைத்திருக்கிறார்.

திரும்பினேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை தானாக எழுந்தது, எண்ண ஆரம்பித்தேன். இது வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் வந்த பழக்கம். நகரியில் டீக்கு நின்ற பஸ்ஸை எண்ணாமல் எடுக்கச் சொல்லிவிட்டேன். நான்கு கிலோமீட்டர் போன பிறகு ஓர் அம்மாள், "எங்க வூட்டுக்காரரு ஏறல" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து எண்ணாமல் ரைட் சொன்னதில்லை.

நாற்பத்தைந்து. கண்டக்டர் தன்னைச் சேர்த்து எண்ண மாட்டாள். என்னைச் சேர்த்தால் நாற்பத்தாறு. சின்னப்பன் போன பிறகு நாங்கள் நாற்பத்தேழு பேர் இருக்க வேண்டும்.

முதல் வரிசை நடு நாற்காலியில் என் துண்டு அப்படியே கிடந்தது.

"ஹோல்டான்!" என்று கத்தினேன். பஸ்ஸை நிறுத்துகிற அந்தக் குரல் எனக்குள் இன்னும் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. தாமோதரன் துள்ளிவிட்டார். "அம்மா, கூர்ச்சோண்டி, மீட்டிங் நடுஸ்தோந்தி..." என்று என்னை உட்காரச் சொன்னார்.

"நட்த்து உன் மீட்டிங்க! ஒருத்தி கொறையிறா. பிரியங்கா, ஓடு, ரத்னம்மா வூடு!"

ரத்னம்மா கதவில் காலை கேரியர் தொங்கிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை வாட்ச்மேன் ஓடி வந்து திறந்தான். குளியலறையில் வழுக்கி விழுந்து கிடந்தாள். இடுப்பு எலும்பு உடைந்து, ஈரத் தரையில், காலை ஆறு மணியிலிருந்து. உயிர் இருந்தது. என்னைப் பார்த்ததும் சன்னமான குரலில், "கத்திக்கினே இருந்தேன்டி, மேல ஸ்பீக்கர்ல பாட்டு ஓடிக்கினே இருந்துச்சி" என்றாள். அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். துக்கத்தில் இல்லை, கோபத்தில்.

திருப்பதியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் தேறிவிடுவாள் என்றார். இனியாவது இவர்களுக்குப் புத்தி வரும் என்று நினைத்தேன். ஒரு நாற்காலி காலியாக இருந்ததால்தானே ரத்னம்மா பிழைத்தாள்? இதைவிட ஒருவருக்கு எப்படிப் புரிய வைப்பது?

புதன்கிழமை நோட்டீஸ் ஒட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை நடந்த துரதிர்ஷ்டமான சம்பவத்தை முன்னிட்டு, எல்லாப் பெரியவர்களுக்கும் கையில் கட்டும் பாதுகாப்புப் பட்டை தர ஓனர்கள் ஒருமனதாக ஓட்டுப் போட்டிருக்கிறார்களாம். அதிலுள்ள சிவப்புப் பட்டனை அழுத்தினால் ஆபீஸில் மணி அடிக்கும். அதே நேரத்தில் பிள்ளையின் போனுக்கும் அவசர அழைப்பு போகும், எடுக்கிறவரை விடாது. கடைசி வரி: 'பாதுகாப்புப் பிரச்சினை தீர்ந்துவிட்டதால் சாப்பாட்டு ஹாலைத் திறக்கும் தேவை தற்போது எழவில்லை.'

அதை நின்று மூன்று தடவை படித்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இவர்கள் அதைக்கூடத் தப்பான திசை பார்த்துச் செய்கிறார்கள். விழுந்தால் பட்டனை அழுத்தலாம். சின்னப்பன் மாதிரி உட்கார்ந்தபடியே செத்தால் எதை அழுத்துவது?

அன்றைக்கு ஏழு மணிக்குப் போன் வந்தது.

"பட்டை வந்துச்சாம்மா? கழட்டவே கூடாது. உனக்கு ஒண்ணுன்னா அடுத்த செகண்டு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சி? பெங்களூர்லேந்து பறந்து வருவியா?"

"உன் நல்லதுக்குத்தாம்மா எல்லாம்." பிறகு, "துன்னியா?" என்றான்.

"துன்னேன்" என்று வைத்துவிட்டேன். கேரியர் கொக்கியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. எடுக்கவில்லை.

மறுநாள் காலை என் கதவை யாரோ தட்டினார்கள். இந்த இடத்தில் கதவு தட்டப்படுவதே அதிசயம். ரங்கையா நின்றார். சவரம்கூடச் செய்யவில்லை.

"காஞ்சனம்மா, எங்க பையன் நான் தனிமையை விரும்பறேன்னு சொன்னான் இல்ல? ராத்திரி முழுக்க யோசிச்சேன். தப்பு நாதே, என்னுதுதான். சின்னப்பன் பக்கத்துல குந்தக் கூடாதுன்னு நான்தானே கதவை மூடிக்கினு உள்ள போனேன். எங்க பையன் பாத்தது அதைத்தான்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்ப இன்னா செய்யலாம், சொல்லு."

அவர் பட்டை கட்டின கையைத் தூக்கிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். அந்தச் சிவப்புப் பட்டனைப் பார்த்துக்கொண்டே இருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

"ரங்கையாண்ணா, ஓட்டு நமக்குக் கெடயாது. மைக்கு நமக்குக் கெடயாது. இது கீதே!"

திரும்பவும் கதவு கதவாகப் போனோம், இந்தத் தடவை இரண்டு பேராக. வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டரைக்குப் பிரியங்கா கேரியர்களை மாட்டி முடித்ததும், எல்லோரும் அவரவர் கேரியரைக் கொக்கியிலிருந்து கழற்றிக்கொண்டு கீழே இறங்கினோம். சக்கர நாற்காலிக்காரர்கள் மடியில் வைத்துக்கொண்டார்கள். எக்ஸ்பீரியன்ஸ் சென்டரின் கண்ணாடிக் கதவு பூட்டியிருந்தது. உள்ளே பிளாஸ்டிக் ஆப்பிள் பளபளத்தது. கதவுக்கு முன்னால் வரிசையாக நின்றோம். நான் எண்ணினேன். பிறகு கையை உயர்த்தினேன்.

"ரைட்!"

எல்லோரும் ஒரே நேரத்தில் சிவப்புப் பட்டனை அழுத்தினார்கள்.

ஆபீஸில் எழுந்த சத்தம் சென்னை ரோட்டில் போகிற லாரிக்காரனுக்குக் கேட்டிருக்கும். தாமோதரன் செருப்பைக்கூடப் போடாமல் ஓடி வந்தார். ஹைதராபாத்தில் மீட்டிங்குகள் நின்றன, குவைத்தில் கார்கள் ஓரம் கட்டின, டல்லாஸில் தூக்கம் கலைந்தது. எங்கள் கைகளில் நாற்பது போன்கள் ஒன்றாக அலறின. "ஒண்ணும் ஆகலடா, சாப்பாட்டு ஹால் கதவு பூட்டிக் கெடக்குது" என்று அத்தனை பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். ரங்கையா மட்டும் வழக்கம்போல ஜெயபிரகாஷைப் பேசவே விடவில்லை. "இதி எமர்ஜென்சி காதா? தனியா துன்றது எமர்ஜென்சி இல்லியா?" என்று ஏலக் குரலில் கூவிக்கொண்டிருந்தார்.

தாமோதரன் கை இந்தத் தடவை கூப்பவில்லை. "அம்மா, இதி தப்பு. ஃபால்ஸ் அலாரம் கொடுக்கக் கூடாது."

"தொறக்கிற வரைக்கும் தெனம் மூணு தரம் கொடுப்போம் சார். காலையில, மத்யானம், ராத்திரி. கேரியர் மாட்டுற மாதிரியே."

அப்போதுதான் என் போன் அடித்தது. தமிழரசு. "அம்மா! அம்மா, இன்னா ஆச்சிம்மா? விழுந்துட்டியா? நெஞ்சு வலியா?" பதறிப்போயிருந்தான். அந்தக் குரலைக் கேட்டதும் கொஞ்சம் இளகினேன். பெற்றவள் அல்லவா? ஆனால் விடுவதாயில்லை.

"ஒண்ணும் ஆகல. நல்லாத்தான் கீறேன்."

"அப்பறம் எதுக்கும்மா அழுத்துன? நான் செத்தே போயிட்டேன் தெரியுமா!"

"ஆறு வருஷமா தெனம் ஏழு மணிக்கு போன் பண்ற. துன்னியா, துன்னியான்னு கேக்குற. துன்னேன் துன்னேன்னு நானும் சொல்லிக்கினே கீறேன். யாருகூட குந்திக்கினு துன்னேன்னு ஒரு நாளாவது கேட்டியாடா?"

எங்கள் பக்கம் ஒவ்வொரு போனாக அடங்கி, எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அங்க... இப்ப எத்தினி பேரும்மா கீறீங்க?" என்றான் கடைசியில்.

திரும்பிப் பார்த்து எண்ணினேன். இந்தத் தடவை என்னையும் சேர்த்து எண்ணினேன்.

"நாப்பத்தாறு பேரு. ஒருத்தி ஆஸ்பத்திரில கீறா. ஒருத்தரு செத்துட்டாரு. கதவத் தொறக்கச் சொல்லு நைனா, சோறு ஆறிக்கினு கீது."